வெள்ளவத்தைக்கும் வவுனியாவுக்கும் ஒரே மோட்டார் சைக்கிள்: 400 சிசி சரிவருமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கும் எனக்குக் கோட்டையில் வேலை. பல வருடங்களாக 150 சிசி பல்சர் ஓட்டுகிறேன். இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை மனைவியுடன் வவுனியாவுக்குப் போய் வருவோம். பாவித்த ஹொண்டா சிபி 400 சூப்பர் ஃபோர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. நாளாந்தப் பாவனைக்கு அது பொருந்துமா, அல்லது ரோயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 போன்ற ஒன்றை வாங்கலாமா?

பதில்: உங்களுக்கு இது ஒன்றுதான் வண்டி என்றால் 350 சிசியை வாங்குங்கள். பல்சரையும் வைத்துக்கொண்டு இரண்டாவது வண்டியாக வாங்குவதானால் சூப்பர் ஃபோரை நான் தடுக்க மாட்டேன்.

முதலில் வவுனியாப் பயணத்தைப் பார்ப்போம். அதிவேக நெடுஞ்சாலைகளில் மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லாததால், பெரிய இயந்திரத்தின் உச்ச வேகத்துக்கு இந்த நாட்டில் வேலை குறைவு. புத்தளம், அநுராதபுரம் வழியாகப் போனாலும் குருநாகல், தம்புள்ளை வழியாகப் போனாலும், பின்னால் மனைவியும் பையும் இருக்க, முன்னால் போகும் லொறியை எதிரே வாகனம் வருவதற்குள் முந்துவதற்கான இழுவைதான் உங்களுக்குத் தேவை. பல்சர் 150 தரும் முறுக்குவிசை, அதாவது இந்த இழுவையின் அளவு, சுமார் 13 நியூட்டன் மீற்றர். அதுவும் இயந்திரம் நிமிடத்துக்கு 6,500 சுற்றுகள் சுழலும்போதுதான் கிடைக்கும். கிளாசிக் 350 அதைப் போல் இரு மடங்கை, அதாவது 27 நியூட்டன் மீற்றரை, 4,000 சுற்றுகளிலேயே தந்துவிடுவதால், கியரைக் குறைக்காமலே பெரும்பாலான லொறிகளை முந்தலாம். சூப்பர் ஃபோரின் நான்கு சிலிண்டர் இயந்திரம் சுமார் 53 குதிரைவலு தரக்கூடியது. கியரைக் குறைத்து முறுக்கினால் 20 குதிரைவலுக் கொண்ட கிளாசிக் அதன் கிட்டவும் வராது. ஆனால் அந்த வலு கிடைப்பது சுற்றுகள் மிக உயர்ந்த பிறகுதான். ஒவ்வொரு முறை முந்தும்போதும் அப்படி ஓட்டுவதை உங்கள் மனைவி விரும்புவாரா என்பதை நீங்களே அறிவீர்கள்.

உங்கள் கேள்வியின் கனமான பகுதி கொழும்பில்தான் இருக்கிறது. மாலை ஐந்தரை மணிக்குக் கொள்ளுப்பிட்டியிலிருந்து காலி வீதியில் பஸ்களுக்கு நடுவே நின்று நின்று வரும்போது, நீர்க்குளிர்ச்சி கொண்ட நான்கு சிலிண்டர் வண்டியின் ரேடியேற்றர் விசிறி ஓயாது சுழலும். அது தள்ளும் சூடான காற்று நேராக உங்கள் முழங்காலிலும் தொடையிலும் படும். காற்றுக்குளிர்ச்சி கொண்ட 350 இயந்திரமும் சூடாகும் என்றாலும், சூடு அவ்வளவு தூரம் ஆளைத் தேடி வருவதில்லை. நிதானமான வேகத்தில் சூப்பர் ஃபோர் அதிர்வின்றி மிக மென்மையாக ஓடும் என்பதையும், இருக்கை உயரம் சுமார் 760 மில்லிமீற்றர்தான் என்பதால் 805 மில்லிமீற்றர் உயரமான கிளாசிக்கைவிடக் கால் ஊன்றுவது இலகு என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

எடையில் சூப்பர் ஃபோருக்கும் கிளாசிக்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. உங்கள் பல்சர் ஏறத்தாழ 145 கிலோ. கிளாசிக் 195 கிலோ. இந்த 50 கிலோ ஓடும்போது தெரியாது, நிறுத்தும்போது தெரியும். கடற்கரைப் பக்க ஒழுங்கையில், மழையில் நனைந்த தரையில், வாசற்படிச் சரிவில் முன்பக்கமாக இறக்கிய வண்டியைக் காலையில் பின்னோக்கித் தள்ளி ஏற்ற வேண்டியிருந்தால், இரண்டுமே உங்களைச் சோதிக்கும். காசு கொடுக்கும் முன் நண்பர் ஒருவரின் 350ஐ உங்கள் வீட்டு வாசலில் ஒரு தரம் தனியாகத் தள்ளிப் பாருங்கள்.

அடுத்தது உதிரிப்பாகம். சூப்பர் ஃபோர் 1992இல் வெளிவந்து 2022இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி. இங்கு பாவித்த நிலையில் கிடைப்பவற்றில் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேற்றர்கள் நான்கு கொண்ட பழையவை பல. நான்கையும் ஒரே அளவில் ஒத்திசைக்கத் தெரிந்த மெக்கானிக்கை முதலில் கண்டுபிடித்துவிட்டே வண்டியைப் பற்றி யோசிக்க வேண்டும். பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்காத பாகம் இல்லை என்பார்கள். கிடைப்பது எத்தனை வருடப் பழசு என்பதுதான் கேள்வி. 1999க்குப் பிந்திய சூப்பர் ஃபோர்களின் முன் ரயர் 120/60 அளவானது. அது இங்கே கையிருப்பில் உள்ளதா என்று இரண்டு மூன்று கடைகளில் முன்கூட்டியே விசாரியுங்கள். கிளாசிக்கிலும் ஒரு குறை உண்டு. கம்பிச் சக்கரம் கொண்டதை வாங்கினால் உள்ளே ரியூப் இருக்கும். அநுராதபுரத்துக்கு முன்னால் எங்கேயாவது பின் சக்கரம் பஞ்சரானால் அதைக் கழற்றாமல் வேலை நடக்காது. அலோய் சக்கரமும் ரியூப் இல்லாத ரயரும் கொண்டதையே தேர்ந்தெடுங்கள்.

எரிபொருள் விடயத்தில் நகர நெரிசலில் சூப்பர் ஃபோர் லீற்றருக்கு 20 கிலோமீற்றர் தந்தால் நல்லது. 350 முப்பதைத் தாண்டும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் பங்கீட்டு முறை தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் கிடைத்தது. உங்கள் அலுவலகப் பயணத்துக்கு மட்டுமே சூப்பர் ஃபோர் அதை முழுதாகக் குடித்திருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் மனம் சூப்பர் ஃபோரிலேயே நின்றால், இயந்திர இலக்கத்தையும் சட்டக இலக்கத்தையும் பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிட்டு, நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் உறுதிசெய்யும் வரை முற்பணம் கொடுக்காதீர்கள். பார்க்கப் போகும் நாளில், நீங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். இயந்திரத்தைத் தொட்டுப் பாருங்கள். சூடான இயந்திரம் ஸ்டார்ட் ஆவதிலுள்ள கோளாறை மறைத்துவிடும் என்பதால், சூடாக இருந்தால் வேறொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள்.