வேலை பார்த்துக்கொண்டே கட்டணம் கட்ட முடியுமா?

கேள்வி: என் தம்பி மகள் பட்டுக்கோட்டையில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். இங்கே சிங்கப்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் டிப்ளோமா சேர்த்துவிடுவதாக முகவர் ஒருவர் சொல்கிறார். முதல் தவணை கட்டினால் போதுமாம். மிச்சத்தை அவளே பகுதிநேர வேலை பார்த்துக் கட்டிவிடலாமாம். தம்பி வயலை ஒத்தி வைக்கப் போகிறான். என்ன சொல்லட்டும்?
- வாசகி, ஈசூன்

பதில்: வேண்டாம் என்று இன்றைக்கே தம்பிக்குப் போன் போடுங்கள், அம்மா. மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள கல்வி நிலையங்களில் முழுநேரம் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள்தான், பாடம் நடக்கும் காலத்தில் வாரம் 16 மணி நேரம் வரை வேலை பார்க்கலாம். என்யுஎஸ், என்டியு போன்ற அரசாங்கப் பல்கலைக்கழகங்கள், பலதுறைத் தொழிற்கல்லூரிகள் (பாலிடெக்னிக்) எல்லாம் அதில் உண்டு. முகவர்கள் ஆள் சேர்க்கும் தனியார் கல்லூரிகள் அநேகமாக இருக்காது. அங்கே படிக்கும் பிள்ளைகள் விடுமுறையில்கூட வேலைக்குப் போகக்கூடாது. அனுமதியில்லாமல் வேலை பார்த்தால் 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

என் அக்கா மகன் இப்படித்தான் மன்னார்குடியிலிருந்து வந்தான். அவனுக்கும் இதே பேச்சுதான். அக்கா தாலியைத் தவிர எல்லா நகையையும் அடகு வைத்தாள். வந்த இரண்டாம் வாரம் தேக்காவில் (லிட்டில் இந்தியா) ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை கேட்டிருக்கிறான். கடைக்காரர் நல்ல மனிதர். அவன் மாணவர் அட்டையைப் பார்த்துவிட்டு, "தம்பி, உனக்கும் ஆபத்து, எனக்கும் ஆபத்து" என்று சொல்லி, சாப்பாடு போட்டு அனுப்பினார். அன்றிரவு என் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து அவன் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. இரண்டாம் தவணையை நானும் என் கணவரும் கட்டினோம். மூன்றாவதற்கு எங்களாலும் முடியவில்லை. பாதியில் ஊருக்குப் போனான். நகை மூழ்கிவிட்டது.

கட்டணப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறதே என்பார் முகவர். இருப்பது உண்மை. அது கல்லூரி மூடிப்போனால் உதவும். தவணை கட்ட முடியாமல் பிள்ளை திரும்பினால் உதவாது. அவசரப்பட்டு ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால், 7 வேலை நாள்களுக்குள் விலகிக்கொள்ள ஒப்பந்தத்திலேயே இடமுண்டு. நாளைத் தவறவிடாதீர்கள்.

அவள் ஒரு வெள்ளிகூடச் சம்பாதிக்க மாட்டாள் என்று வைத்துக் கடைசித் தவணை வரை கணக்குப் போடுங்கள். உங்கள் வீட்டில் தங்கினால் வாடகை மிச்சம், அது பெரிய தொகை. அப்படியும் தம்பியால் முடியாதென்றால், நல்ல மதிப்பெண் இருக்கும் பட்சத்தில் அவள் அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கட்டும். வெளிநாட்டு மாணவரும் கல்வி அமைச்சின் கட்டண மானியம் கேட்கலாம். பதிலுக்குப் பட்டம் வாங்கியபின் 3 ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டும். மானியம் போக மீதியும் நம் ஊர்க் குடும்பத்துக்குப் பாரம்தான். ஆனால் அங்கே அந்த 16 மணி நேரம் சட்டப்படி கிடைக்கும்.

கேள்வி: மகனுக்கு என்டியுவில் இடம் கிடைத்திருக்கிறது, விடுதி கிடைக்கவில்லை. தேக்கா பக்கம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் 4 மாதத்துக்கு மட்டும் அறை எடுக்கலாமா?
- ஒரு தாய், மதுரை

பதில்: வீவக வீட்டில் குறைந்தது 6 மாதம். அதற்குக் குறைவாகத் தருகிறேன் என்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள். அப்புறம், தேக்கா வேண்டாம், தினமும் அலைச்சல். பூன் லே பக்கம் பாருங்கள். அங்கிருந்து 179 பேருந்து பல்கலைக்கழகத்துக்குள்ளேயே போகிறது.