75 லிட்டர் ரீஃப் டேங்கில் பச்சை முடிப்பாசி: நைட்ரேட், பாஸ்பேட் பூஜ்யம் காட்டியும் ஏன் அடங்கவில்லை?

கேள்வியின் சாரம் இது: நான்கு மாதமான 75 லிட்டர் ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி). இரண்டு க்ளௌன் மீன், கொஞ்சம் ஜோவாந்திட், மஷ்ரூம், ஒரு லெதர் (மூன்றும் மென்மையான பவள வகைகள்). பாறை முழுக்க முடி மாதிரி பச்சைப் பாசி. டெஸ்ட் கிட்டில் பாசிக்கு உணவான நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே பூஜ்யம். வாரம் 10% தண்ணீர் மாற்றியும், லைட் நேரத்தைக் குறைத்தும் பாசி குறையவில்லை.

முதலில் அந்தப் பூஜ்யத்தை நம்பாதீர்கள். கிட் அளப்பது தண்ணீரில் மிச்சம் இருப்பதை மட்டும்தான். மீன் தீனியிலிருந்தும் பாறையிலிருந்தும் வருவதைப் பாசி வந்த வேகத்திலேயே உறிஞ்சிக்கொண்டால், அளக்க என்ன மிஞ்சும்? போதாததற்குச் சாதாரண கலர் கிட்டுகளில் பாஸ்பேட்டின் முதல் படியே 0.25 பிபிஎம் (லிட்டருக்கு 0.25 மி.கி.). 0.1 இருந்தாலும் கண்ணுக்குப் பூஜ்யமாகத்தான் தெரியும். ஹன்னா கம்பெனியின் அல்ட்ரா லோ ரேஞ்ச் மீட்டர் ஒன்று வாங்கினால் இந்தக் குழப்பம் தீரும். பாஸ்பரஸ் காட்டும் மாடலாக இருந்தால் வரும் எண்ணை 3.066-ஆல் பெருக்குங்கள்: 20 பிபிபி (0.02 பிபிஎம்) என்றால் பாஸ்பேட் சுமார் 0.06 பிபிஎம். இந்த மாதிரி டேங்குக்கு பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை, நைட்ரேட் 2 முதல் 10 வரை இருந்தால் போதும். பூஜ்யத்தைத் துரத்த வேண்டாம். ஏன் என்று பின்னால் வருகிறது.

அடுத்தது, வந்திருப்பது எந்தப் பாசி என்று உறுதி செய்வது. ஒரு கொத்தைப் பிடுங்கி, வெள்ளைத் தட்டில் டேங்க் தண்ணீர் ஊற்றி அதில் மிதக்க விடுங்கள். கிளை அதிகமில்லாத மெல்லிய இழைகள் என்றால் டெர்பீசியா போன்ற சாதாரண முடிப்பாசி. நடுத்தண்டின் இரு பக்கமும் சிறு கிளை விட்டு இறகு போல விரிந்தால் பிரையாப்சிஸ். அதற்கு வழி வேறு. சிவப்பாகவோ கரும்பச்சையாகவோ ஆடை போலப் படர்ந்து, இழுத்தால் தாளாக உரிந்து வந்தால் சயனோபாக்டீரியா. மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புத் தூள், துடைத்தால் உடனே போகிறது என்றால் டயாட்டம். புது டேங்கில் சில வாரத்தில் தானாகப் போய்விடும், கை வைக்க வேண்டாம். பழுப்புச் சளி, நூல் நூலாக, நுனியில் காற்றுக்குமிழி, ராத்திரி குறைந்து லைட் போட்டதும் திரும்பி வருகிறது என்றால் டைனோ (டைனோஃப்ளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர்). அதுதான் பயப்பட வேண்டியது.

உங்களுடையது முடிப்பாசி என்றே வைத்துக்கொள்வோம். முதல் வேலை கை வேலைதான். நீளமாக வளர்ந்த பாசியை எந்த மருந்தும் நத்தையும் சீக்கிரம் தீர்க்காது. 6 மி.மீ. ஏர் டியூபின் முனையில் டூத்பிரஷ்ஷை ரப்பர் பேண்டால் கட்டி, டியூபின் வாயை பிரஷ் முடிக்கு ஒட்டினாற்போல் வையுங்கள். தேய்க்கத் தேய்க்கப் பாசி அப்படியே வாளிக்குப் போக வேண்டும். டேங்குக்குள் தேய்த்துப் பறக்க விட்டால் ஒவ்வொரு துண்டும் வேறு இடத்தில் முளைக்கும். வாரம் மாற்றும் 10% தண்ணீரை இப்படியே எடுங்கள். தண்ணீர் மாற்றுவதால் மட்டும் பெரிதாக ஒன்றும் குறையாது: 10% மாற்றினால் நைட்ரேட்டும் 10% தான் குறையும். 40 இருந்ததை 20 ஆக்க, புதிதாக எதுவும் சேராவிட்டாலும், ஏழு வாரம் ஆகும். பாசியாக வெளியே எடுத்ததுதான் நிஜமான வெளியேற்றம். அது உறிஞ்சி வைத்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் அதோடு போய்விடும்.

கழற்றக்கூடிய சின்னப் பாறைகளை வெளியே எடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு போடலாம். வேண்டியது 3%. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பது பெரும்பாலும் 6%, பாட்டிலில் 20 வால்யூம் என்று போட்டிருக்கும். சம அளவு ஆர்ஓ தண்ணீர் கலந்துகொள்ளுங்கள். முதலில் பாசியை ஒட்ட நறுக்கிவிட்டு, சிரிஞ்சால் பாசி மேல் மட்டும் விட்டு, 3 முதல் 5 நிமிடம் கழித்து டேங்க் தண்ணீர் உள்ள வாளியில் அலசித் திரும்ப வையுங்கள். பாசி இரண்டு மூன்று நாளில் வெளுத்துவிடும். டேங்குக்குள் நேராக ஊற்றும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. க்ளீனர் ஷ்ரிம்ப், பெப்பர்மிண்ட் ஷ்ரிம்ப் இருந்தால் முதலில் பாதிக்கப்படுவது அவைதான்.

ஒரு எச்சரிக்கை. ஜோவாந்திட் ஒட்டிய பாறையைத் தேய்க்கும்போது கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். அந்தக் குடும்பத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. பாறையைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த ஆவியை மூச்சில் இழுத்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு.

இனி தண்ணீர். கேள்வியில் நீங்கள் சொல்லாமல் விட்டது இதைத்தான், பாதிப் பிரச்சினை இங்கேதான் இருக்கும். வீட்டு ஆர்ஓ மெஷினில் ருசிக்காக ஒரு மினரல் கேட்ரிட்ஜும், கொஞ்சம் வடிகட்டாத தண்ணீரைத் திரும்பக் கலக்கும் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) கன்ட்ரோலரும் இருக்கும். அந்த மெஷினின் குழாயில் வரும் தண்ணீரின் டிடிஎஸ் 60, 80 பிபிஎம், சில வீடுகளில் 100-க்கும் மேல். கேன் தண்ணீரும் இதே கதைதான். உங்கள் 75 லிட்டரில் பாறையும் மணலும் போக உண்மையான தண்ணீர் 60 லிட்டர் என்று வையுங்கள். ஃபேன் ஓடும் டேங்கில் தினம் ஒரு லிட்டராவது ஆவியாகும். ஆவியாவது சுத்தத் தண்ணீர். நீங்கள் ஈடு செய்வது 80 டிடிஎஸ் தண்ணீர். மாதம் 30 லிட்டர் என்றால் 2.4 கிராம் ஏதோ ஒன்று உள்ளே போகிறது. அது வெறும் கால்சியமாக இருந்தால் பரவாயில்லை. போர் தண்ணீரில் நைட்ரேட்டும் சிலிகேட்டும் இருந்தால் பாசிக்கு மாதாமாதம் சம்பளம் போடுகிற மாதிரிதான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மெம்பரேனிலிருந்து வரும் டியூபில், மினரல் கேட்ரிட்ஜுக்கும் கன்ட்ரோலருக்கும் முன்னால் ஒரு டி கனெக்டர் போட்டு, அந்தத் தண்ணீரை டிஐ ரெசின் (மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் மணிகள்) வழியாக விடுங்கள். 1000 டிடிஎஸ் போர் தண்ணீர் நல்ல மெம்பரேனில் 50-க்குள் வரும், ரெசினைத் தாண்டினால் 0. ரெசின் களைக்கும்போது சிலிகேட் முதலில் நழுவும். டிடிஎஸ் மீட்டர் அதைச் சரியாகக் காட்டாது. அதனால் மீட்டர் 1 அல்லது 2 காட்டினாலே ரெசினை மாற்றிவிடுங்கள். டயாட்டம் மாதக்கணக்கில் போகாத டேங்குகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

தீனி விஷயத்தில் ஒரு நம்பிக்கை உண்டு: ஃப்ரோஸன் மைசிஸை (சிறு இறால் போன்ற தீனி) அலசிப் போட்டால் பாஸ்பேட் குறையும் என்பார்கள். அலசுங்கள், தப்பில்லை. ஆனால் பாஸ்பரஸின் பெரும்பகுதி அந்த இறைச்சியிலேயே இருக்கிறது. இரண்டு க்ளௌனுக்கு ஒரு முழு க்யூப் அதிகம். கால் க்யூப் போட்டு, ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கிறதா என்று பாருங்கள்.

நான்கு மாத டேங்க் என்பதால் பாறைமேலும் சந்தேகம் வருகிறது. உலர்ந்த பாறையில் டேங்க் ஆரம்பித்திருந்தால், அதில் ஊறிய பாஸ்பேட் மாதக்கணக்கில் கசியும். (ராமேஸ்வரம், மண்டபம் கரையில் கிடைக்கும் பவளக் கல்லை எடுத்து வந்து போடும் எண்ணமே வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. கல் பவளம் முழுக்க வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.) மீட்டரில் பாஸ்பேட் 0.1-க்கு மேல் வந்தால் மட்டும் ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு மணிகள்) போடுங்கள். 60 லிட்டருக்கு 30 கிராம் போதும். துருத்தூள் போகும்வரை ஆர்ஓ தண்ணீரில் அலசி, ஃபில்டர் பையில் கட்டி, ஓட்டம் உள்ள இடத்தில் வைத்து, மூன்றாம் நாள் அளந்து பாருங்கள். குறைந்து, எடுத்த பிறகு மறுபடி ஏறினால் பாறை இன்னும் விடுகிறது என்று பொருள். சிறிது சிறிதாகத் திரும்பப் போடலாம். ஒரேயடியாக இறக்கினால் பவளங்கள் சுருங்கிவிடும்.

பூஜ்யத்தைத் துரத்த வேண்டாம் என்றதற்குக் காரணம் டைனோதான். முடிப்பாசியைப் பட்டினி போடுகிறேன் என்று ஜிஎஃப்ஓ, கார்பன் டோசிங் (பாக்டீரியா பெருகிச் சத்தை உறிஞ்ச வினிகர் போன்றதை ஊற்றுவது), கூடுதல் தண்ணீர் மாற்றம் எல்லாம் சேர்த்துச் செய்தால், நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் நிஜமாகவே காலியான டேங்கில் போட்டியில்லாமல் எழுவது அது. பழுப்புச் சளி தெரிந்தால் கொஞ்சத்தை டேங்க் தண்ணீரோடு ஒரு பாட்டிலில் குலுக்கி, காபி ஃபில்டர் தாளில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை லைட்டுக்கு அடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி நூலாகத் திரண்டால் டைனோ. அப்போது எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்ய வேண்டும்: ஜிஎஃப்ஓவை எடுத்துவிட்டு, தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி, நைட்ரேட்டை 5-க்கு மேல் ஏற்ற வேண்டும். லேப் தர சோடியம் நைட்ரேட் 10 கிராமை 500 மி.லி. ஆர்ஓ தண்ணீரில் கரைத்தால், அதில் 8 மி.லி. உங்கள் 60 லிட்டரில் சுமார் 2 பிபிஎம் ஏற்றும். நத்தைகள் காரணமில்லாமல் சாகத் தொடங்கினால் ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற டைனோ வகையாக இருக்கலாம். அது ராத்திரியில் தண்ணீரில் மிதப்பதால் யூவி லைட் வேலை செய்யும். மணலை விட்டு எழாத இன்னொரு டைனோ வகையான ஆம்ஃபிடினியத்துக்கு யூவி தண்டச் செலவு.

நத்தைக்கு வருவோம். டர்போவும் ட்ரோக்கஸும் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவான பாசியைத்தான் நன்றாக மேயும், அதனால்தான் முதலில் நறுக்கச் சொன்னது. உங்கள் அளவுக்கு நான்கைந்து போதும். கவிழ்ந்தால் தானே நிமிர்ந்துகொள்ளும் ட்ரோக்கஸே என் தேர்வு. டர்போ போகிற வழியில் பவளத் துண்டுகளைத் தள்ளிவிடும். நாசாரியஸை "பாசி நத்தை" என்று விற்பார்கள், அது பாசியைத் தொடாது. பாசி தின்னும், ஆனால் பெரிய இடம் கேட்கும் டேங் மீனை இந்த டேங்குக்குப் பரிந்துரைப்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

தட்டில் பார்த்தது இறகு போல விரிந்த பிரையாப்சிஸ் என்றால் இத்தனையும் செய்தும் அது அசையாது. அதற்கு ஃப்ளுகோனசோல்: லிட்டருக்கு 5 மி.கி., உங்கள் 60 லிட்டருக்கு 150 மி.கி. மாத்திரை இரண்டு. மனிதருக்குப் பூஞ்சைத் தொற்றுக்கு எழுதித்தரும் மருந்துதான். தூளாக்கி, டேங்க் தண்ணீரில் கலக்கி, ஓட்டம் உள்ள இடத்தில் ஊற்றுங்கள். ஃபில்டரில் உள்ள ஆக்டிவேட்டட் கார்பனையும் யூவி லைட்டையும் எடுத்துவிட வேண்டும். ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவி) நுரை தள்ளினால் கப்பைக் கழற்றிவிட்டு ஓடவிடலாம். ஒரு வாரம் பத்து நாளில் நிறம் வெளுக்கும். வெளுத்ததை உடனுக்குடன் டியூபால் உறிஞ்சி எடுங்கள். அழுகவிட்டால் அதிலிருந்த சத்து எல்லாம் தண்ணீருக்கே திரும்பி அடுத்த பாசிக்குப் போகும். 14 முதல் 21 நாள் கழித்து 25% தண்ணீர் மாற்றி, புதுக் கார்பன் போட்டு மருந்தை வெளியேற்றுங்கள்.