முறுக்குப் பை தடித்தால் போதுமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டில் வீட்டில் முறுக்கு சுட்டு விற்கிறேன், ஐயா. கட்டி வைத்த பத்து நாளில் நமுத்துவிடுகிறது. ஒரு மாதத்தில் சிக்கு வாடை. 'தடித்த பை வாங்குங்க' என்கிறார் கடைக்காரர். அது போதுமா?

பதில்: தடிப்பு உதவும், சகோதரி. ஆனால் அதைவிட முக்கியம், பை எந்தப் பிளாஸ்டிக் என்பது. ஓட்டையே இல்லாத பிளாஸ்டிக் தாளிலும் நீராவி மெல்ல ஊடுருவும். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை.

பையைக் கசக்கிப் பாருங்கள். மெத்தென்று இருந்து, விரலால் அழுத்தினால் இழுபடுகிறதா? பாலிஎத்திலீன். சலசலவென்று சத்தமிட்டு, நீளாமல், ஓரத்தில் சின்ன வெட்டு விழுந்ததும் சர்ரென்று கிழிகிறதா? பெரும்பாலும் ஓபிபி, அதாவது இழுத்து நீட்டிச் செய்த பாலிப்ரொப்பிலீன் தாள். ஒரே தடிப்பில், பாலிஎத்திலீன் விடும் நீராவியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் ஓபிபி விடும். அதாவது 60 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பாலிஎத்திலீன் செய்யும் வேலையை 20 மைக்ரான் ஓபிபி செய்துவிடும்.

கடையில் சொல்லும் மைக்ரான் சரிதானா என்று நீங்களே பார்க்கலாம். ஒற்றைத் தாளாக, 10 சென்டிமீட்டர் சதுரத்தில் பத்துத் துண்டு வெட்டி ஒன்றாக நிறுத்துப் பாருங்கள். பாலிஎத்திலீன் 4.6 கிராம் இருந்தால் 50 மைக்ரான், 2.3 இருந்தால் 25தான். பையின் இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தடிப்பு சொல்பவர்களும் உண்டு, கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆய்வுக்கூடத்தில் ஈரத்தை உறிஞ்சும் உலர்ந்த கால்சியம் குளோரைடை வைத்து மேலே தாளை மூடி, 38 டிகிரி சூட்டிலும் 90 விழுக்காடு ஈரப்பதத்திலும் வைத்து, எடை எவ்வளவு ஏறுகிறது என்று நிறுப்பார்கள். வீட்டில் அதற்குப் பதில் புதிய சிலிக்கா ஜெல் போதும். ஒரே அளவில் மூன்று வகைப் பையில் சம அளவு போட்டு ஒட்டி, நகைத் தராசில் தினமும் ஒரு வாரம் நிறுத்து எழுதுங்கள். எடை குறைவாக ஏறும் பையை வாங்குங்கள். இந்த ஒரு சோதனையை மட்டும் தவறவிடாதீர்கள்.

அப்புறம், ஒட்டிய வாய். காற்றை அடைத்து ஒட்டிய பையைத் தண்ணீருக்குள் அழுத்துங்கள். குமிழி வந்தால் எந்தப் பையும் வீண். ஒட்டும் இடத்தில் முறுக்குத் தூளோ எண்ணெயோ இருந்தால் பிடிக்காது. மெழுகுவர்த்தியில் காட்டினால் ஓபிபி சுருங்கிவிடும்; அதனால் சூட்டில் ஒட்டும் வகையா என்று கேட்டு வாங்கி, ஒட்டும் கருவியில் ஒட்டுங்கள்.

சிக்கு வாடை வேறு கதை. அதற்குக் காரணம் ஆக்சிஜனும் வெளிச்சமும். பாலிஎத்திலீன், ஓபிபி இரண்டுமே ஆக்சிஜனைத் தடுக்காது. உள்ளே அலுமினியம் பூசிய பை தடுக்கும், விலை கூடுதல். வாரச் சந்தையில் விற்றுத் தீர்வதற்கு நல்ல ஓபிபி போதும். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே சுட்டு வைப்பதை மட்டும் அலுமினியப் பையில் போடுங்கள். சூடு முழுக்க ஆறியதும் உடனே கட்டிவிடுங்கள். அடுப்படியில் அவ்வளவு பாடுபட்டுச் சுட்டது பையால் கெடுவது எனக்கும் பொறுக்கவில்லை.