அழிந்ததாக நினைத்த கார்மனேர் எப்படித் தப்பியது?

பிரான்சில் அழிந்துபோய், வேறு எங்காவது மறுபடி கிடைத்த சிவப்பு ஒயின் திராட்சை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, கார்மனேர். பிரான்சின் ஒயின் பகுதியான போர்தோவின், குறிப்பாக அதில் மெதோக் வட்டாரத்தின் பழைய ரகம்.

ஃபிலாக்ஸெரா பூச்சி இதை அழித்துவிட்டது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த அந்தப் பூச்சி 1860-களிலிருந்து பிரான்சின் திராட்சை வேர்களைத் தின்று தீர்த்தது உண்மைதான். ஆனால் போர்தோவின் மற்ற சிவப்பு ரகங்களான கேபர்னேவும் மெர்லோவும் அதே பூச்சிக்குத்தான் இரையாயின. அவற்றை, அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித் திரும்ப நட்டார்கள். கார்மனேரைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். பூக்கும் நேரத்தில் குளிரோ மழையோ வந்தால் இதில் பிஞ்சு பிடிக்காது, குலையில் பாதி வெறும் காம்பாக நிற்கும். பழுப்பதும் மெர்லோவைவிட இரண்டு மூன்று வாரம் தாமதம். எல்லாம் இழந்து புதிதாகத் தோட்டம் போடுகிறவர் நிச்சயமாக விளைகிற கொடியைத்தானே நடுவார்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சரி, தப்பியது எப்படி? பூச்சி பரவுவதற்கு முன்பே, 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், போர்தோவிலிருந்து தென் அமெரிக்காவின் சிலிக்குக் கார்மனேர் குச்சிகள் போயிருந்தன. அங்கே மெர்லோவோடு கலந்து வளர்ந்து, மெர்லோ என்ற பெயரிலேயே வாழ்ந்தது. இரண்டையும் சேர்த்துப் பறிக்கும்போது மெர்லோ பழுத்திருக்கும், இது காய்ப்பதத்தில் இருக்கும். அதனால் ஒயினில் பச்சைக் குடமிளகாய் வாசம் தூக்கலாக வரும். சிலி மெர்லோவின் குணமே அப்படித்தான் என்று விட்டுவிட்டார்கள்.

1994 நவம்பரில் பிரெஞ்சுத் திராட்சை ரக ஆய்வாளர் ழான்-மிஷெல் பூர்சிகோ, மைப்போ பள்ளத்தாக்கில் கார்மென் நிறுவனத்தின் தோட்டத்துக்குப் போனார். சிலியில் அது கொடி பூக்கும் பருவம். மெர்லோ என்று காட்டிய கொடியின் பூவில் மகரந்தத்தாள்கள் நேராக நிமிராமல் முறுக்கிக்கொண்டிருந்தன. மெர்லோவுக்கு அப்படி இருக்காது. இது கார்மனேர் என்று சொல்லிவிட்டார். பழத்தை ருசிக்காமல் பூவை மட்டும் பார்த்துச் சொன்ன அந்த இடம், இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது. அப்புறம் மரபணுச் சோதனையும் அதையே உறுதி செய்தது.

போர்தோவில் இதை வளர்க்க இன்றும் அனுமதி உண்டு, ஆனால் பரப்பு மிகக் குறைவு. கிளெர் மிலோன் போன்ற சில தோட்டங்கள் கலவையில் ஒரு சதவீதம் அளவுக்குச் சேர்க்கின்றன. ருசி பார்க்க விரும்பினால் சிலி ஒயினைத்தான் தேட வேண்டும். குடமிளகாய் வாசம் லேசாக இருந்தால் அது ரகத்தின் இயல்பு. மூக்கைத் துளைத்தால், பழுக்கும் முன்பே அவசரப்பட்டுப் பறித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.