சார்ஜ் போட்டா போன் கொதிக்குது, ராத்திரி பூரா போட்டு வைக்கலாமா, வெடிச்சிடுமா?

கேள்வி கேட்ட அக்கா பினாங்குலதான் இருக்காங்க போல. வீட்டுக்காரர் சாப்பாடு டெலிவரி ஓட்டுறாராம், பகல்ல மோட்டார் பைக்லயே சார்ஜ் ஓடுது, ராத்திரி தலையணைக்குப் பக்கத்துல வச்சு விடிய விடிய சார்ஜ், போன் பின்னாடி கையே வைக்க முடியலன்னு எழுதியிருக்காங்க. நான் ஜார்ஜ்டவுன் பக்கம் போன் ரிப்பேர் கவுண்டர்ல வேலை பாக்குறேன், இந்தக் கேள்விய தினம் யாராவது கேக்குறாங்க, அதனால கொஞ்சம் விலாவாரியாவே எழுதுறேன்.

முதல்ல பயம் தீர சொல்லிடுறேன். நல்ல பேட்டரி, ஒழுங்கான சார்ஜர்னா வெடிக்கிறதெல்லாம் ரொம்ப அபூர்வம். ஆனா வெடிக்கலங்கிறதுக்காக சும்மா விட்டுட முடியாது, ஏன்னா சூடு பேட்டரிய சத்தமில்லாம தின்னுட்டே இருக்கும். எத்தனை மணி நேரம் சார்ஜ்ல கெடக்குதுங்கிறது ரெண்டாவது விஷயம்தான், எந்த சூட்டுல கெடக்குதுங்கிறதத்தான் மொதல்ல பாக்கணும். ராத்திரி சார்ஜ் போடுறதுல தப்பில்ல அக்கா, அந்தத் தலையணைதான் தப்பு.

எவ்வளவு சூடு சகஜம்? சார்ஜ் ஏறும்போது வெதுவெதுன்னு இருக்கும், அது ஓகே. லித்தியம் அயன் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறதுக்கு ஒத்துக்கிற சூடு பொதுவா 0-ல இருந்து 45 டிகிரி வரைக்கும்னு வச்சுக்குங்க, அதுவும் பேட்டரியோட சூடு, ரூமோட சூடு இல்ல. ஐபோன் பயன்படுத்துறப்ப சுத்தி இருக்கிற சூடு 0-ல இருந்து 35 டிகிரிக்குள்ள இருக்கணும்னு ஆப்பிள் சொல்றாங்க. நம்ம ஊர்ல மத்தியானம் நிழல்லயே 32, 33 வந்துடுது, அதாவது போன ஒண்ணுமே செய்யாம சும்மா வச்சிருந்தாலே எல்லைக்கு ரெண்டு மூணு டிகிரி பக்கத்துலதான் நிக்கிறோம். குளிர் நாட்டுக்காரன் வீடியோல "சார்ஜ் போட்டுட்டே கேம் ஆடலாம், ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்றத இங்க அப்படியே நம்பிட முடியாதுலா. புறங்கைய போன் முதுகுல வச்சுப் பாருங்க, சில செகண்டுக்கு மேல வைக்க முடியலன்னா சார்ஜ புடுங்கிடுங்க, தெர்மாமீட்டர்லாம் வேணாம். எந்த எடம் சூடாகுதுன்னும் தடவிப் பாருங்க, நெறைய போன்ல கேமரா பக்கமா மேல் பாதி சூடானா அது பெரும்பாலும் உள்ள இருக்கிற சிப்பு வேலை பாக்குற சூடு, நடுவுலயும் கீழயும் கொதிச்சா பேட்டரியேதான் சூடாகுதுன்னு அர்த்தம்.

சூடு ஏன் கெடுதல்னா, பேட்டரி உள்ள நெகட்டிவ் பக்கத்துல மெல்லிசா ஒரு படலம் இருக்கும், பேட்டரிக்கு அது பாதுகாப்புதான். ஆனா சூடு ஏற ஏற அந்தப் படலம் தடிச்சுக்கிட்டே போகும், அப்படித் தடிக்கிறதுக்கு உள்ள இருக்கிற லித்தியத்தையே எடுத்துக்கும், அதனாலதான் காலைல 100 காட்டுன போன் மத்தியானத்துக்குள்ள 20-க்கு வந்து நிக்குது. பத்து டிகிரி கூடினா இந்த மாதிரி கெமிக்கல் வேலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகமாகும்னு ஒரு பொதுக் கணக்கு இருக்கு. இன்னொரு பக்கம் உள்ள இருக்கிற எலக்ட்ரோலைட்ங்கிற திரவம் சிதைஞ்சு கேஸ் ஆகுது, அந்த கேஸ் வெளிய போக வழியில்லாம பை மாதிரி இருக்கிற பேட்டரி உப்பிக்குது.

இப்ப உங்க வீட்டுக்காரர் கதைக்கு வருவோம், என் கவுண்டருக்கு வர்ற உப்புன பேட்டரில பாதிக்கு மேல ரைடர்ங்க போனுதான். ஹேண்டில்ல ஹோல்டர், அதுல மழைக்காக ஜிப் வச்ச பிளாஸ்டிக் பை, அந்தப் பைக்குள்ள கறுப்பு கவர் போட்ட போன், ஸ்கிரீன் வெளிச்சம் முழுசா, வழி காட்டுற வேஸ் ஆப் ஓடுது, டேட்டா ஓடுது, ஆர்டர் ஆப் ஓடுது, மேல வெயில், கீழ மோட்டார்ல இருந்து யூஎஸ்பி வயர்ல சார்ஜும் ஏறுது. பாயான் லெப்பாஸ் சிக்னல்ல பன்னெண்டு மணிக்கு நின்னா அந்தப் பைக்குள்ள காத்து அசையவே அசையாது. போன் தானே பயந்துபோய் ஸ்கிரீன மங்க வைக்கும், சார்ஜ நிறுத்தும், அதுக்கும் நம்மாளுங்க "சார்ஜர் கெட்டுப்போச்சு"ன்னு புது சார்ஜர் வாங்குவாங்க. சார்ஜர்ல ஒண்ணுமே இருக்காது.

அவர்கிட்ட சொல்லுங்க, மழை இல்லாத நேரத்துல அந்த ஜிப் பைய கழட்டிடணும், அது ஒண்ணு செஞ்சாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஓட்டும்போது சார்ஜ் வேணாம், கடையில ஆர்டருக்குக் காத்திருக்கிற அந்தப் பத்து பதினஞ்சு நிமிஷம் நிழல்ல நின்னு பவர் பேங்க்ல போடட்டும், ஏறுற வரைக்கும் ஏறினாலே அடுத்த ரவுண்டுக்கு போதும், 100 ஆக்கணும்னு அவசியமே இல்ல. ஹோல்டருக்கு மேல சின்னதா ஒரு நிழல் தடுப்பு விக்கிறாங்க, பாக்க கேலியா இருந்தாலும் வேலை செய்யுது. (சம்பந்தமில்லாம ஒண்ணு, மோட்டார் அதிர்வு கேமராவையும் கெடுக்கும், பெரிய மோட்டார்ல நேரா ஹோல்டர்ல மாட்டாதீங்கன்னு ஆப்பிளே 2021-ல சொல்லிட்டாங்க. போட்டோ மங்கலா வருதுன்னு வர்ற ரைடர்ங்களுக்கு இதத்தான் சொல்லி அனுப்புறேன்.) காடில போறவங்களுக்கும் இதேதான், டேஷ்போர்டு மேல வெயில்ல போன வச்சு சார்ஜ் போடாதீங்க, ஏர்கோன் காத்து வர்ற எடத்துல மாட்டுங்க.

பாஸ்ட் சார்ஜிங் கெடுதலான்னு அடுத்த கேள்வி வரும்னு தெரியும். சார்ஜ் ஏறுறது தைப்பூசத்துக்கு தண்ணீர்மலை கோயிலுக்குப் போற மாதிரி, ஆரம்பத்துல ரோடு காலியா இருக்கும், வேகமா நடந்துடலாம், படிக்கட்டுகிட்ட போனா அடி மேல அடி வச்சுத்தான் போகணும். அதனாலதான் எந்த போனும் முதல் பாதிய வேகமா ஏத்திட்டு, 80-க்கு மேல தானே கரண்ட்ட குறைச்சுக்குது. கரண்ட் ரெண்டு மடங்கானா உள்ள வர்ற சூடு நாலு மடங்கு, அதான் வேகமா ஏறுற நேரத்துல சூடும் அதிகம். கம்பெனிக்காரங்க இத தெரிஞ்சுதான் செய்றாங்க, ஒப்போ 2014-ல கொண்டு வந்த வூக்ங்கிற பாஸ்ட் சார்ஜிங்ல வோல்டேஜ குறைக்கிற வேலையவே போன்ல இருந்து சார்ஜருக்கு தள்ளிட்டாங்க, சூடு சார்ஜர்லயே போயிடும். அதனால கூட வந்த சார்ஜர்னா பாஸ்ட் சார்ஜிங்குக்கு பயப்பட வேணாம், கவர கழட்டிட்டு, போன நோண்டாம விட்டா போதும். அவசரம் இல்லாத ராத்திரில செட்டிங்ஸ்ல பாஸ்ட் சார்ஜ ஆப் பண்ணி வச்சா இன்னும் நல்லது. வயர்லெஸ் சார்ஜர் பாக்க அழகு, ஆனா வயர்ல போடுறத விட கூடுதலா கரண்ட் சூடாவே வீணாகும், போன் கொஞ்சம் தள்ளி உக்காந்தா இன்னும் மோசம். நம்ம ஊர் சூட்டுக்கு நான் யாருக்கும் சிபாரிசு பண்றதில்ல.

எனக்கு உண்மையிலேயே பயம் வர்ற எடம் வேற. பாசார் மாலாம்னு சொல்ற ராத்திரி சந்தையில பத்து வெள்ளிக்கு விக்கிற சார்ஜர். ஒண்ண பொளந்து காட்டுனா நீங்களே தொட மாட்டீங்க, 240 வோல்ட் வர்ற பக்கத்துக்கும் உங்க போனுக்குப் போற 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவுல இடைவெளியே சரியா இருக்காது, பியூஸ் இருக்க வேண்டிய எடத்துல ஒரு கம்பிய பத்த வச்சிருப்பான். கையில வாங்குனதும் எடை பாருங்க, காத்தாட்டம் இருந்தா வச்சுட்டு வந்துடுங்க. மலேசியாவோட தரச் சான்று சிரிம் லேபல் இருக்கான்னு பாருங்க. அதோட நம்ம வீடுகள்ல இன்னொரு பழக்கம் உண்டு, ரெண்டு முள்ளு பிளக்க மூணு ஓட்டை சாக்கெட்ல சொருகுறதுக்கு மேல் ஓட்டையில பேனாவ விட்டு அழுத்துறது! அந்த மேல் ஓட்டை எர்த்துக்கு, அதுல முள்ளு போனாத்தான் கீழ் ரெண்டு ஓட்டையோட மூடி தெறக்கணும்னு பாதுகாப்புக்குத்தான் அப்படி வச்சிருக்காங்க, நாம அத பேனாவால ஏமாத்துறோம். ரெண்டு முள்ளு அதுல இறுக்கமா நிக்காது, லூசா ஆடும், ஆடுற எடத்துல பொறி பறக்கும், சாக்கெட் பழுப்பா கருகும். உங்க வீட்டு சாக்கெட் ஓரத்துல பழுப்பு தெரிஞ்சா போன விட்டுட்டு மொதல்ல வயர்மேன கூப்புடுங்க.

கேபிளும் அப்படித்தான். சாதாரண டைப் சி கேபிள் 3 ஆம்பியர் வரைக்கும்தான், 5 ஆம்பியர் போகணும்னா கேபிளுக்குள்ளயே ஒரு சின்ன சிப்பு இருக்கணும், அது இல்லாத கேபிள்ல பெரிய சார்ஜர் போட்டாலும் மெதுவாத்தான் ஏறும். தலைப்பக்கம் கருகுனது, வளைஞ்சு செம்பு தெரியுறது, டேப் சுத்துனது எல்லாம் இன்னைக்கே தூக்கி போடுங்க. போன் சார்ஜிங் ஓட்டையில அழுக்கு அடைச்சிருந்தாலும் அந்த எடம் மட்டும் சுடும், போன ஆப் பண்ணிட்டு பல்லு குத்துற மரக்குச்சியால மெதுவா எடுத்தா பாக்கெட் பஞ்சு உருண்டையா வரும். ஊசி கூடாது.

ராத்திரி விஷயம். இப்ப வர்ற எந்த போனும் 100 ஆனதும் தானே நிறுத்திக்கும், சார்ஜ் வழிஞ்சு ஓடாது. ஆனா முழுசா நெறஞ்ச பேட்டரி உள்ள வோல்டேஜ் உச்சத்துல இருக்கும், அந்த உச்சத்தோட சூடும் சேர்ந்தா அதுதான் பேட்டரிக்கு ரொம்பக் கெட்ட நேரம், தலையணைக்குப் பக்கத்துல மெத்தையில வச்சா விடிய விடிய அந்த நேரம்தான். ஐபோன் 15-ல இருந்து 80-லயே நிறுத்துற செட்டிங் இருக்கு, சாம்சங்ல பேட்டரி பாதுகாப்புன்னு செட்டிங்ஸ்ல தேடுங்க, நெறைய ஆண்ட்ராய்டுலயும் உண்டு. போட்டு விட்டுட்டு போன மேசை மேலயோ, வெறும் டைல்ஸ் தரையிலயோ வைங்க, பேன் காத்து பட்டா இன்னும் நல்லது. மெத்தை, சோபா, துணிக்குவியல் வேணாம், சூடாகுதுங்கிறதோட தீப்பிடிச்சா மொதல்ல எரியுறதும் அதுதான். பிள்ளைங்க சார்ஜ் போட்டபடியே போர்வைக்குள்ள வீடியோ பாக்குறத மட்டும் கண்டிப்பா நிறுத்துங்க.

பிரிட்ஜ்ல வச்சு ஆற வைக்கிறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம். நம்ம ஊர் ஈரக்காத்துக்கு வெளிய எடுத்ததும் போனுக்கு உள்ளயே தண்ணி பூத்துடும், அப்புறம் பேட்டரிக்கு பதிலா போர்டு போயிடும். கவர கழட்டி, ஆப் பண்ணி, பேனுக்கடியில வைங்க, அவ்ளோதான். மாசம் ஒருதடவ சுத்தமா 0 ஆக்கி 100 ஏத்தணும்கிறது பழைய நிக்கல் பேட்டரி காலத்துப் பேச்சு, லித்தியத்துக்கு 0-க்கு எறக்குறதுதான் பிடிக்காது.

இப்ப நெஜமாவே ஆபத்து எப்போன்னு பாப்போம். போன கண்ணாடி மேசையில படுக்க வச்சு ஓரத்துல லேசா தட்டுங்க, கேமரா மேட்டால இல்லாம, முன்ன ஆடாத போன் இப்ப ஆடுனா முதுகு உப்பியிருக்கலாம். ஸ்கிரீன் ஓரத்துல நகம் நுழையுற அளவுக்கு இடுக்கு, இருட்டுல அந்த இடுக்குல வெளிச்சம் கசியுறது, நெயில் பாலிஷ் அழிக்கிற தண்ணி மாதிரி ஒரு இனிப்பு வாசம், இதுல எது இருந்தாலும் அன்னைக்கோட சார்ஜ் போடுறத நிறுத்திடணும். அமுக்கிப் பாக்காதீங்க, ஓட்டை போட்டு காத்த எறக்கலாம்னு யாராச்சும் யூடியூப் பாத்து சொன்னா கேக்காதீங்க. உள்ள பாசிட்டிவ் நெகட்டிவ் ரெண்டையும் பிரிக்கிறது தலைமுடிய விட மெல்லிசான ஒரு பிளாஸ்டிக் தாள், 130 டிகிரி வாக்குல அது உருகிடும், குத்துனா உடனே கிழியும், ரெண்டும் ஒட்டுனா சூடு தன்னாலயே சூட்ட கூட்டிக்கிட்டு போகும், அப்புறம் யாராலயும் நிறுத்த முடியாது. 2016-ல சாம்சங் நோட் 7 எரிஞ்சதும் இதே வழிதான், ஒரு சப்ளையர் பேட்டரில மூலைய நெருக்கி நெகட்டிவ் தகடு மடங்கிடுச்சு, இன்னொரு சப்ளையர் பேட்டரில வெல்டிங் பிசிறு குத்திடுச்சுன்னு 2017 ஜனவரில அவங்களே சொன்னாங்க. அவ்ளோ பெரிய கம்பெனிக்கே அப்படின்னா, கண்ணு முன்னாடி உப்பி நிக்கிறத வச்சுக்கிட்டு "இன்னும் ரெண்டு மாசம் ஓட்டலாம்"னு நெனைக்கக் கூடாது.

உப்புன போன ஆப் பண்ணி, எரியுற சாமான் இல்லாத டைல்ஸ் தரையில வச்சு, மறுநாள் கடைக்குக் கொண்டு போங்க. குப்பைத்தொட்டியில போடாதீங்க, குப்பை லாரிக்குள்ள அது நசுங்கும். புகையோ சீறுற சத்தமோ வந்தா கையில எடுக்க முயற்சி பண்ணாம எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வந்து 999-க்கு போன் பண்ணுங்க, அந்தப் புகை மூச்சுக்கு ரொம்பக் கெடுதல். பவர் பேங்குக்கும் இதே விதி. கேஎல்லுக்கு பிளைட்ல போறவங்க ஞாபகம் வச்சுக்குங்க, மலேசியா ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1-ல இருந்து பறக்கும்போது பவர் பேங்க் பயன்படுத்தவே விடுறதில்ல, செக்-இன் லக்கேஜ்ல போடவும் கூடாது.

உங்க வீட்டுக்காரர் போன் கையே வைக்க முடியாத அளவுக்கு சுடுதுன்னா பேட்டரி ஹெல்த் பாத்துடுங்க. ஐபோன்ல செட்டிங்ஸ்லயே பர்சென்ட் காட்டும், ஐபோன் 14 வரைக்கும் 500 சைக்கிளுக்கு (மொத்தமா 100 பர்சென்ட் சார்ஜ் செலவானா ஒரு சைக்கிள்) 80 பர்சென்ட், ஐபோன் 15-ல இருந்து 1000 சைக்கிளுக்கு 80-னுதான் ஆப்பிள் கணக்கு. ஆண்ட்ராய்டுல எல்லாத்துலயும் காட்டாது, கடையில பாத்து சொல்லுவாங்க. 80-க்கு கீழ இருந்தா பேட்டரி மாத்துங்க, போன் மத்தபடி நல்லா இருந்தா புது போன் செலவு தேவையில்ல. மாத்தும்போது "எந்த பேட்டரி போடுறீங்க, எத்தனை மாச வாரண்டி"ன்னு கேளுங்க, பழைய பேட்டரிய உங்க கண்ணு முன்னாடியே எடுக்கச் சொல்லுங்க, கடைக்காரர் முகம் சுளிச்சா வேற கடை பாருங்க. அதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்பையும் போட்டோவையும் பேக்கப் எடுத்துடுங்க, அத மறந்துட்டு வந்து கவுண்டர்ல அழறவங்கதான் ஜாஸ்தி.