ஊராட்சி அனுமதி இருந்தால் கடலோரத்தில் ரிசார்ட் கட்டலாமா?

கேள்வி: ராமேஸ்வரம் தீவில், ஊராட்சி எல்லைக்குள், கடலை ஒட்டி எங்கள் அப்பா காலத்து ஓட்டு வீடும் காலி இடமும் இருக்கின்றன. பட்டா என் பெயரில். வெளியூர் புரொமோட்டர் ஒருவர் கூட்டாக ரிசார்ட் கட்டலாம் என்கிறார். முன்னால் இருக்கும் மணல்மேட்டைச் சமப்படுத்தினால் அறையிலிருந்தே கடல் தெரியுமாம். "ஊராட்சியில் பிளான் அப்ரூவல் வாங்கியாச்சு, தீவுக்கு 20 மீட்டர் விட்டால் போதும்" என்று சொல்லி பவர் பத்திரம் கேட்கிறார். கொடுக்கலாமா ஐயா?

பதில்: கொடுக்காதீர்கள்.

ஊராட்சி கொடுத்தது வெறும் கட்டட அனுமதி. சிஆர்இசட் எனப்படும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி தனி. அதற்கான மனு மாவட்டக் குழுவைத் தாண்டி மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம் வரை போக வேண்டும். கொச்சி மரடு அடுக்குமாடிகளுக்கும் உள்ளாட்சி அனுமதி இருந்தது. சிஆர்இசட் அனுமதி இல்லை என்பதால் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது. 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். வேம்பநாட்டு ஏரித் தீவில் இருந்த ஒரு ரிசார்ட்டுக்கும் அதே மாதம் இடிப்பு உத்தரவு உறுதியானது.

அந்த 20 மீட்டர் கணக்கு முழுப் பொய் இல்லை. சிஆர்இசட் விதிகளை மத்திய அரசு அறிவிக்கையாக வெளியிடுகிறது; 2011-இல் ஒன்று, 2019-இல் புதிதாக ஒன்று. நிலப்பரப்பை ஒட்டிய தீவுகளுக்கு 2019 அறிவிக்கையில் அப்படி ஒரு சலுகை உண்டு. ஆனால் புதிய அறிவிக்கைப்படி மண்டல வரைபடம் அங்கீகரிக்கப்படும் வரை 2011 விதிகள்தான் ஓடும். அதில் கிராமப்புறக் கடலோரத்துக்கு உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏற்றத்தின்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து, 200 மீட்டர் கட்டுமானத் தடை. ஆகவே உங்கள் சர்வே எண் எந்த வரைபடத்தில், எந்த மண்டலத்தில் விழுகிறது என்பதை முதலில் பாருங்கள். அந்த உயர் அலைக் கோட்டை அளந்து சர்வே எண்ணோடு பொருத்திக் காட்டும் அங்கீகரிக்கப்பட்ட நிறுவனங்களில் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனமும் ஒன்று. அளக்கும் செலவை புரொமோட்டர் ஏற்கட்டுமே, அவருக்குத்தானே அவசரம்!

மணல்மேட்டில் மட்டும் கை வைக்க விடாதீர்கள். மணல்மேடுகள் மிக உயர்ந்த பாதுகாப்புள்ள முதல் மண்டலத்தில் (சிஆர்இசட்-1) வருபவை; அவற்றைச் சமப்படுத்துவது 2011, 2019 இரண்டு அறிவிக்கைகளிலும் தடை. புயல் நாளில் உங்கள் ஓட்டு வீட்டுக்கு முன்னால் நிற்பதும் அந்த மேடுதான். ஜேசிபி யார் கொண்டுவந்தாலும் நோட்டீஸ் பட்டாதாரரான உங்களைத் தேடித்தான் வரும். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் 2024 ஏப்ரல் முதல் அபராதம் 10,000 ரூபாயிலிருந்து 15 லட்சம் வரை.

சரி, வருமானத்துக்கு வழி? ஹோம்ஸ்டே. உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டின் தரைப்பரப்பையும் அமைப்பையும் முகப்பையும் மாற்றாமல் விருந்தினரைத் தங்கவைக்க 2019 அறிவிக்கை, அதன் வரைபடம் அமலுக்கு வந்த இடங்களில், வெளிப்படையாகவே இடம் தருகிறது. ஓடு மாற்றலாம், பழுது பார்க்கலாம். மாடி எழுப்பினால் சிக்கல். கடலிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் உள்ளூர் மக்களின் சொந்தத் தேவைக்கு மட்டுமே. ரிசார்ட்டுக்கு போர் போட முடியாது. புரொமோட்டர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

கூட்டுத்தொழில்தான் வேண்டும் என்றால் சிஆர்இசட் அனுமதி ஆணை கைக்கு வந்தபிறகு பேசுங்கள். அதற்கு முன் அட்வான்ஸ் வாங்காதீர்கள். பணம் கைமாறிவிட்டால், அப்புறம் பவரை ரத்து செய்யப் போகும்போது சொத்தில் தனக்கும் உரிமை இருக்கிறது, அதனால் ரத்து செய்ய முடியாது என்று ஒப்பந்தச் சட்டம் 202-ஆவது பிரிவைக் காட்டி அவர் வழக்குப் போடுவார். ஏற்கெனவே மண் வெட்ட ஆரம்பித்துவிட்டார் என்றால் தேதியோடு படம் எடுத்து, ஆட்சியருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போவதானால் ஆறு மாதக் கெடு, மண் வெட்டத் தொடங்கிய நாளிலிருந்தே எண்ணப்படும்.