பிஞ்சு வெம்புகிறது, காய் கசக்கிறது: டானிக் வேண்டாம், விதையைப் பாருங்கள்

கேள்வி: மதுரையில் மொட்டை மாடியில் எட்டுப் பைகளில் நாட்டு வெள்ளரி போட்டிருக்கிறேன். பங்குனிக் கடைசியில் விதைத்தது. 'நாட்டு ரகம்' என்று அச்சடித்த பாக்கெட்டில் கடையில் வாங்கிய விதை. கொடி நன்றாக ஓடி, பூவும் நிறையப் பூக்கிறது. ஆனால் பிஞ்சு விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி உதிர்கிறது. தப்பியவை அரிவாள் போல வளைகின்றன. ஒரு பையில் நீளமான பச்சைக் காய், அடுத்த பையில் குட்டையாக வெளுத்த காய். இரண்டு கொடிகளில் காய் கசப்பு. பக்கத்தில் பாகல் இருப்பதுதான் காரணம் என்கிறார்கள். கடைக்காரர் கொடுத்த டானிக்கை இரண்டு முறை தெளித்தும் பலனில்லை. வேறு எந்த டானிக் தெளிக்கலாம்?

பதில்: எதுவும் தெளிக்காதீர்கள், அம்மா. முதலில் உதிர்ந்த பிஞ்சு ஒன்றை நீளவாக்கில் கீறிப் பாருங்கள். உள்ளே புழு நெளிந்தால் அது பழ ஈ. தோலில் ஊசி குத்தியது போன்ற புள்ளியும் பிசின் துளியும் இருக்கும். அப்படியானால் ஆண் ஈயை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் கியூலூர் பொறி ஒன்று மாட்டுங்கள், உதிர்ந்ததை எல்லாம் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். புழு இல்லாமல், காம்புப் பக்கம் பருத்துப் பூமுனை சூம்பியிருந்தால் மகரந்தம் போதவில்லை என்று பொருள். காய் வளைவதும் பெரும்பாலும் அதனால்தான். பெண் பூவின் சூல்முடிக்கு மூன்று மடல்கள் உண்டு. ஒரு பக்கம் மட்டும் மகரந்தம் விழுந்தால் அந்தப் பக்க விதைகள் மட்டும் திரளும், காய் கோணிக்கொள்ளும். தேனீ ஒருமுறை வந்து போனால் போதாது, பத்து முறையாவது வர வேண்டும். உயரமான மாடியில் அத்தனை தேனீக்கு எங்கே போவது?

சித்திரை வெயிலில் ஆண் பூதான் அதிகம் வரும். தழைச்சத்து கலந்த டானிக் அதை இன்னும் கூட்டும். கொடி தழைக்கும், காய் வராது. பாட்டிலில் என்ன இருக்கிறது, எத்தனை சதவீதம் என்று எழுதாத எதையும் வாங்காதீர்கள். காலையில் மருந்து தெளிக்கச் சொல்பவர் பேச்சைக் கேட்டால், வருகிற நாலு தேனீயும் போய்விடும்.

பாகல் மேல் பழி வேண்டாம். பாகலும் வெள்ளரியும் ஒரே குடும்பம், ஆனால் ஒன்றோடொன்று கருக்கூடாது. வேறு வெள்ளரியின் மகரந்தமே விழுந்தாலும் அந்தக் காயின் சதை கசக்காது. சதை தாய்க்கொடியுடையது, கலப்பு உள்ளே இருக்கும் விதைக்குப் போய் அடுத்த விதைப்பில்தான் தெரியும். காம்புப் பக்கமும் தோலடியும் மட்டும் கசந்தால் வெயிலும், தண்ணீர் ஒருநாள் அதிகம் ஒருநாள் குறைவு என்று விட்டதும் காரணம். பைக்கு மூன்று லிட்டர் தேவைப்படும்: காலையில் இரண்டு, மாலையில் ஒன்று. மேலே சருகு மூடாக்கு, உச்சி வெயிலுக்கு நிழல்வலை. முழுக்காயும் நுனி வரை கசந்தால் அது பிறவிக் கசப்பு. அந்தக் காயைத் துப்பிவிடுங்கள், சமைக்கவும் வேண்டாம். வாந்தி பேதி வரும். கொடியையும் வேரோடு பிடுங்குங்கள். அந்தக் கசப்பு ஓங்கு குணம், அதாவது ஒரு பக்கத்திலிருந்து வந்தாலே வெளிப்படும். அதன் ஆண் பூ நல்ல கொடியில் சேர்ந்தாலும் வாரிசுக்கு இறங்கும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. ஒரே பாக்கெட் விதை, ஒரே மண், ஒரே தண்ணீர். ஒரு கொடியில் நீளக் காய், ஒன்றில் குட்டைக் காய் எப்படி வந்தது? முள்ளை உற்றுப் பாருங்கள். ஒன்றில் வெள்ளை முள்ளும் இன்னொன்றில் கறுப்பு முள்ளும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். ஒட்டுரக (ஹைப்ரிட்) காயில் எடுத்த விதையையோ, கலந்துபோன விதையையோ 'நாட்டு' என்று விற்றிருக்கிறார்கள். 'நாட்டு' என்று அச்சடிக்க யாரும் யாரிடமும் சான்று வாங்க வேண்டியதில்லை. அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு ரகப் பெயர், குவியல் எண், முளைப்புத்திறன், பரிசோதித்த தேதி, காலாவதி தேதி ஆகியவற்றைப் பாருங்கள். மூலையில் பொடி எழுத்தில் எஃப் 1 (முதல் தலைமுறை ஒட்டுரகம்) என்று இருந்தால் அதிலிருந்து விதை எடுத்துப் பயனில்லை. நாட்டு விதை என்று பெயர் போட்டு, விளைவித்தவர் யார், எந்த ஊர் என்று கேட்டால் சொல்லத் தெரியாத கடையில் வாங்குவது வீண்.

ஊரில் பரம்பரையாக வைத்திருப்பவரிடம் ஒரு பிடி விதை கேளுங்கள். கேட்கும்போது எந்த வெள்ளரி என்றும் கேளுங்கள். சாம்பார் வெள்ளரியும், வெடித்து மாவாகும் வெள்ளரிப்பழமும் முலாம்பழ இனம். அவற்றுக்குக் குரோமோசோம் 24, பச்சையாகத் தின்னும் வெள்ளரிக்கு 14. இரண்டும் கலக்காது, பக்கத்தில் வைத்தாலும் பயமில்லை. பயம் பக்கத்து வீட்டு ஒட்டுரக வெள்ளரிதான். விதை வயலுக்கு அரைக் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் இடைவெளி கேட்பார்கள். மாடியில் அது நடக்காது, பூவைக் கட்ட நூல் இருந்தால் போதும்.

மாலையில், இதழ் நுனி மஞ்சளேறி இன்னும் விரியாத மொட்டுகளைத் தேடுங்கள். பெண் மொட்டுக்கு அடியில் முள்ளோடு குட்டிப் பிஞ்சு இருக்கும். இரண்டு மூன்று ஆண் மொட்டு, ஒரு பெண் மொட்டு, எல்லாவற்றின் வாயையும் நூலால் கட்டுங்கள். ஆண் பூ வேறொரு நல்ல கொடியிலிருந்து வருவது நல்லது. மறுநாள் காலை 6 மணியிலிருந்து 8 மணிக்குள் ஆண் பூக்களைப் பறித்து இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் மூன்று மடல்களிலும் மஞ்சள் பொடி படியும்வரை தடவுங்கள். பெண் பூவின் வாயை மறுபடி கட்டி, காம்பில் வண்ண நூல் சுற்றி அடையாளம் வையுங்கள். கறிக்கான பிஞ்சும் இப்படிக் கையால் மகரந்தம் தடவினால்தான் உதிராமல் நிற்கும், அதற்கு நூல் தேவையில்லை.

விதைக்காயைப் பறிக்க அவசரப்படாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் கொடியிலேயே பழுத்து மஞ்சளோ பழுப்போ ஆக வேண்டும். முற்றும் காய் இருக்கும் கொடி புதுப்பிஞ்சு விடத் தயங்கும். எனவே விதைக்கென்று இரண்டு கொடிகளை ஒதுக்குங்கள். பறித்தபின் பத்து நாள் நிழலில் வைத்து, விதையைச் சாறோடு வழித்துக் கண்ணாடிப் பாட்டிலில் ஒரு நாள் புளிக்க விடுங்கள். நம் ஊர் வெயிலில் இரண்டு நாள் விட்டால் சில விதை பாட்டிலுக்குள்ளேயே முளைவிட்டுவிடும். நீர் ஊற்றிக் கலக்கி மிதப்பதைக் கொட்டிவிட்டு, மூழ்கியதை அலசித் தட்டில் நிழலில் காய வையுங்கள். காகிதத்தில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். வளைத்தால் மடங்காமல் பட்டென்று ஒடியும் வரை காய வேண்டும். பிறகு காற்றுப் புகாத பாட்டிலில் போட்டு, ரகமும் தேதியும் எழுதி ஒட்டுங்கள். அடுத்த விதைப்பு ஆடியில், இந்தப் பங்குனி வெயிலில் இல்லை.